ஜூலை 1, 1987-க்கு முன்பா, பின்பா: முகாம் குடும்பங்கள் தங்கள் சட்ட நிலையை அறிந்து மனுச் செய்யும் முறை

திங்கள்கிழமைதோறும் திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளுக்குக் கோபாலசமுத்திரம், சமூகரெங்கபுரம் போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வருகிறவர்களின் மனுக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. "முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வசித்து வருகிறோம், எங்கள் குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை வழங்க வேண்டும்" என்று நாலு வரி, அதன் கீழே ஐந்தாறு கையெழுத்து. நெடுங்காலமாக மனு எழுதிக் கொடுத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் இந்த மனுவின் மேல் எந்த அலுவலரும் ஒரு முடிவும் எடுக்க முடியாது. குடியுரிமைச் சட்டம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. ஒரே தகரக் கூரையின் கீழ் வாழும் ஐந்து பேரில் ஒருவர் பிறந்த அன்றே இந்தியக் குடிமகள் ஆகியிருக்கலாம்; அவருடைய தாய் வெளிநாட்டவராகவும், மகள் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாதவராகவும் இருக்கலாம். ஆகவே குடும்பத்துக்கு ஒரு மனு எழுதும் வழக்கத்தை விட்டு, ஆளுக்கு ஒரு மனு எழுதும் வழக்கத்துக்கு வர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எல்லையைக் காப்பதற்கான சட்டமும், ஒருவர் இந்நாட்டின் குடிமக்களா என்று சொல்லும் சட்டமும் வெவ்வேறானவை. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் முதல் வகையைச் சேர்ந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை நீக்கி, அவற்றின் இடத்தில் இது வந்தது. செல்லத்தக்க கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இது சொல்கிறது. விசா முடிந்த பின்னும் தங்கினால் மூன்றாண்டு வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம். போலிக் கடவுச்சீட்டோ விசாவோ பயன்படுத்தினால் குறைந்தது இரண்டாண்டு, அதிக அளவு ஏழாண்டு. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கடலைப் படகில் கடந்து, மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, கடலோரக் காவல் படையால் மண்டபம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு இந்தப் பிரிவுகளைப் படித்ததும் வயிறு கலங்குவது இயல்பே.

ஆனால் அதே நாளில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணையும் வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டு, விசா வைத்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறார்கள். இந்த ஆணையை முகாமில் பலர் "குடியுரிமை கிடைத்துவிட்டது" என்று புரிந்துகொண்டிருப்பதைக் காண்கிறேன். அப்படி அல்ல. ஆவணமின்றி வந்ததற்காகத் தண்டிக்கப்படாமல் இருப்பதற்கு இது ஒரு பாதுகாப்பு. அதற்கு மேல் எதையும் இது தரவில்லை. 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது மனிதர்களுக்குரிய மதிப்பைத் தந்தது. அதுவும் சட்ட நிலையை மாற்றவில்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால், "அகதி" என்று ஒரு தனி நிலை நம் சட்டத்தில் இல்லவே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விலக்கு ஆணையில் உள்ள இரண்டு சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒன்று நாள், மற்றொன்று பதிவு. 2022 மார்ச் முதல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வந்திறங்கியவர்கள் அந்த நாளுக்குப் பின் வந்தவர்கள். அவர்களுக்கு இந்த ஆணை உதவாது, அவர்கள் தனியாக வழக்கறிஞரின் ஆலோசனை பெற வேண்டும். பதிவு என்பது இன்னும் நுட்பமான சிக்கல். முகாம் ஆண்களில் பலர் பெயிண்ட் வேலைக்காக வெளியூர்களில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் இல்லாமல் போனால் முதலில் அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடை நிற்கும், பிறகு முகாம் பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கப்படலாம். முன்பெல்லாம் அதனால் இழந்தது மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மட்டும் என்று கருதிச் சிலர் அலட்சியமாக இருந்துவிட்டார்கள். இப்போது அந்தப் பதிவுதான் உங்களைச் சிறைத் தண்டனைப் பிரிவிலிருந்து காப்பாற்றுகிறது. ஆகவே வெளியூர் செல்லும் முன் முகாம் வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பெயர் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தால், வேறு எந்த மனுவுக்கும் முன்பாக, மீண்டும் சேர்க்கக் கோரும் மனுவை ஆட்சியருக்கும், சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையருக்கும் அனுப்ப வேண்டும். முகாமுக்கு வெளியே வசிப்பவர்கள் காவல் நிலையப் பதிவைப் புதுப்பித்து வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வேலையைத் தொடங்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறந்த நாள், பிறந்த ஊர், தந்தையும் தாயும் பிறந்த நாள், பிறந்த ஊர், அவர்கள் எந்த நாளில் எந்த வழியாக வந்தார்கள் என்பவற்றை எழுதுங்கள். விமானத்தில் பாஸ்போர்ட்டோடு வந்தவரையும் படகில் வந்தவரையும் தனித்தனியே குறிக்க வேண்டும். நாள் உறுதியாகத் தெரியாத இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

இந்த நோட்டை 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முந்தைய நாள் வரை இந்திய மண்ணில் பிறந்த ஒருவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். இதற்கு விண்ணப்பமே தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் உரிமையை ஆவணத்தால் காட்டினால் போதும். 1983 கலவரத்துக்குப் பின் வந்த முதல் அலையினரின் பிள்ளைகளில் பலர் இந்த வரம்புக்குள் வருகிறார்கள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022 ஆகஸ்டில் அவர் பிறப்பால் இந்தியர் என்று கூறிக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. திருநெல்வேலி மாவட்டமும் அந்த அமர்வின் எல்லைக்குள் இருப்பதால், அந்த உத்தரவின் நகல் நமக்கு மிகவும் பயன்படும்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவராவது அப்போது இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு நிபந்தனை இறுகுகிறது: இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமக்களாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். ஆவணமின்றி வந்தவரும், ஆவணத்தோடு வந்து காலக்கெடுவுக்கு மேல் தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறி என்றே இந்தச் சட்டம் வரையறுக்கிறது. அந்தச் சொல் போரில் உயிர் தப்பி வந்தவரைச் சுட்டும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஆயினும் மனு எழுதும்போது சட்டத்தின் சொல்லைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று காலங்களும் ஒரே வீட்டுக்குள் எப்படி விளையாடுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். 1990-இல் படகில் வந்த ஒருவர், 1985-இல் முகாமில் பிறந்த பெண்ணை மணந்தார். 2003-இல் ஒரு மகன், 2006-இல் ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். தாய் பிறப்பால் இந்தியர். தாய் இந்தியர் என்பதால் மகனும் இந்தியர். ஆனால் மகள் பிறந்தது 2004-க்குப் பின்; தந்தை ஆவணமின்றி வந்தவர் என்பதால் அவளுக்கு அந்த உரிமை தானாகக் கிடைக்காது. அண்ணனுக்கு உண்டு, தங்கைக்கு இல்லை. தந்தையும் 1987 ஜூலைக்கு முன் இங்கேயே பிறந்தவராக இருந்தால் மகளும் இந்தியரே. இந்தக் குடும்பம் "எங்கள் அனைவருக்கும் குடியுரிமை" என்று ஒரே மனுக் கொடுத்தால், நிச்சயமாக உரிமையுள்ள இருவரின் கோரிக்கையும் உரிமை ஐயத்துக்குரிய இருவரின் கோரிக்கையோடு சேர்ந்து கோப்புக் கட்டுக்குள் கிடக்கும். மாறாக, தாய் முதலில் தம் கடவுச்சீட்டைப் பெற்றுவிட்டால், மகனின் மனுவுக்கு அதுவே ஆதாரமாகிவிடும். வரிசை முக்கியம், மூத்தவரின் உரிமையை நிறுவிய பிறகே இளையவரின் மனுவை எழுத வேண்டும். உள்ளூர்ப் பெண்ணையோ ஆணையோ மணந்த முகாம்வாசிகளின் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

எல்லாம் நாளைப் பொறுத்து நிற்பதால், பிறப்புச் சான்றே இந்த வேலையின் உயிர். சென்ற ஆண்டு ஓர் அம்மா தகர டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்த சான்றை மறக்க முடியவில்லை. பாலித்தீன் பையில், அதன் மேல் ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றியிருந்தார். ஊதா மையில் பாளையங்கோட்டை நகராட்சி என்று வட்ட முத்திரை, பெயர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை, "பெண்" என்று மட்டும், நாள் 14.5.1987. அந்த அம்மாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழிலோ பிறந்த நாள் 1.6.1988 என்று இருந்தது. சேர்க்கும் நாளில் ஆசிரியர் வாய்க்கு வந்த ஜூன் மாதத் தேதியை எழுதிவிட்டார். பள்ளிச் சான்றை மட்டும் காட்டியிருந்தால் அவர் வெளிநாட்டவர். பிறப்புச் சான்றைக் காட்டினால் இந்தியர். மே 14-க்கும் ஜூலை 1-க்கும் இடையிலுள்ள ஏழு வார இடைவெளி ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. பிறந்த உடனே அரசுப் பதிவேட்டில் ஏறிய நாளுக்கே சான்று மதிப்பு அதிகம் என்பதால், முரண்பாடு இருந்தால் பிறப்புச் சான்றையே முதன்மையாக வைத்து, முரண்பாட்டுக்கான காரணத்தை மனுவிலேயே நேர்மையாக விளக்கிவிட வேண்டும். மறைத்தால் காவல் விசாரணையில் கட்டாயம் வெளிப்படும்.

பழைய சான்றைத் தேடும்போது திருநெல்வேலிச் சீமையின் நிர்வாக வரலாறு தெரிந்திருப்பது நல்லது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் 1994-க்கு முன் பிறந்தவர்களின் பதிவு அன்றைய பாளையங்கோட்டை நகராட்சியில் நடந்தது. நகராட்சிகளை இணைத்து மாநகராட்சி உருவான பிறகு அந்த ஏடுகளை மாநகராட்சியில்தான் கேட்க வேண்டும். 1986 அக்டோபர் 20-க்கு முன் தூத்துக்குடி, கோவில்பட்டிப் பகுதிகள் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தன. ஆகவே அங்கே பிறந்தவரின் அக்காலச் சான்றில் திருநெல்வேலி என்றும் இன்றைய சான்றில் தூத்துக்குடி என்றும் இருப்பது பிழையல்ல. அதன் பின் 1997 வரை திருநெல்வேலியில் வழங்கிய தாள்களில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று இருக்கும். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதால் போகநல்லூர் முகாமின் பழைய கோப்பு கொக்கிரகுளத்திலும் புதிய கோப்பு தென்காசியிலும் இருக்கலாம். வெளிமாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த அலுவலருக்கு இவை தெரியாமல் இருக்கக்கூடும். மனுவில் ஒரு வரி எழுதிவிட்டால் "மாவட்டம் பொருந்தவில்லை" என்ற குறிப்போடு தாள் திரும்பி வராது.

கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவர்களின் பதிவை வி.ஏ.ஓ. செய்திருப்பார், பழைய ஏடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தேட வேண்டும். பதிவே இல்லை என்று தெரிந்தால் அதற்கு "இல்லைச் சான்று" வாங்கி, காலங்கடந்த பதிவுக்கு மனுச் செய்யலாம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட தாமதத்துக்கு நடுவரின் உத்தரவைக் கேட்கிறது. ஆஸ்பத்திரிப் பேறுகாலக் குறிப்பு, தடுப்பூசி அட்டை, அந்த ஆண்டின் முகாம் அட்டையில் குழந்தை சேர்க்கப்பட்ட பதிவு ஆகியவை துணை ஆவணங்கள். பெயர் இல்லாத சான்றுக்குப் பெயர் சேர்க்க அரசு அவ்வப்போது அவகாசத்தை நீட்டித்து வந்திருப்பதால், நடப்பு நிலையைச் சுகாதாரப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள்; மை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு முத்திரை மறைந்துபோனதை இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

பெயரின் எழுத்து இன்னொரு தொல்லை. யாழ்ப்பாணத்தில் ராசையா என்று எழுதியவரை இங்கே ராஜையா என்று எழுதியிருப்பார்கள். அங்கே தந்தை பெயர் முழுமையாக முன்னால் நிற்கும், இங்கே முதலெழுத்து மட்டும். ஒவ்வொரு தாளிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று நோட்டில் எழுதி, எல்லாம் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினருக்குத் தனியாக ஒரு வழி உண்டு; அதைப் பலர் தேடிப் பார்ப்பதே இல்லை. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. விடுபட்ட ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்தியக் குடியுரிமை பெற்று, கடவுச்சீட்டும் வாங்கி, ஆனால் 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனதால் வரமுடியாமல், பிறகு கலவரத்தில் அகதியாகப் படகேறியவர்கள் உண்டு. தாத்தாவின் பெட்டியில் கண்டியில் வழங்கப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டோ குடியுரிமைச் சான்றோ இருக்கிறதா என்று பாருங்கள். 1992 டிசம்பர் 10-க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவருக்கு, பிறந்த வேளையில் தந்தை இந்தியக் குடிமகனாக இருந்தால் வம்சாவளிக் குடியுரிமைக்கு வழி இருக்கிறது. அத்தகைய ஒரு தாள் கிடைத்தால் அதன் எண்ணை எழுதிக்கொண்டு நேராக வழக்கறிஞரிடம் செல்லுங்கள். இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடர்ந்த வழக்கில் மதுரை அமர்வு 2019 ஜூன் 17-இல் அவர்களின் கோரிக்கையைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதை மேற்கோள் காட்டும் முன் மேல்முறையீட்டில் அதன் நிலையை வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிறப்பால் உரிமையுள்ளவர் போக வேண்டிய இடம் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையம். அது மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பத்தில் முகாம் முகவரியை மறைக்காமல் எழுதுங்கள். முகாம்களைக் கண்காணிக்கும் காவல் துறைப் பிரிவான கியூ பிராஞ்சின் அறிக்கை பெற்றோரை இலங்கையர் என்று சொல்லும், சொல்லட்டும். 1987-க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரின் நாடு தடையல்ல என்று, உயர் நீதிமன்ற உத்தரவின் நகலோடு, ஒரு விளக்கக் கடிதம் இணைக்க வேண்டும். மறுத்தால் எழுத்தில் மறுப்பைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

பிறப்பால் உரிமை இல்லாதவர்கள் பதிவு மூலமோ, நெடுங்காலம் வசித்ததன் பேரில் பெறும் இயல்புரிமை மூலமோ இணையவழியில் விண்ணப்பித்து ஆட்சியரிடம் அளிக்கலாம். ஆனால் சட்டவிரோதக் குடியேறிகளுக்கு அந்த இரண்டு வழிகளும் அடைக்கப்பட்டிருக்கின்றன. இந்தியரை மணந்து, இங்கே ஏழாண்டு வசித்தவருக்கும் இதே தடை. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு இந்தத் தடையை நீக்கியது; இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இது அநீதி என்பது என் உறுதியான கருத்து. அது மாறும் வரை, இந்த நிலையில் உள்ளவர்கள் விண்ணப்பம் அளித்து ஒப்புகை பெற்று வைப்பதும், முகாம் பதிவை உயிரோடு வைத்திருப்பதும், நீதிமன்றத்தை நாடுவதுமே செய்யத்தக்கவை. வழக்குக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதால், கோப்பு விவரம் கேட்கும் மனுவை உள்ளூர் நண்பரோ வழக்கறிஞரோ தம் பெயரில் போட வேண்டும்.

செய்யக்கூடாதவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல. அதை வைத்து வாக்காளர் அட்டை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். குடிமக்கள் அல்லாத ஒருவர் உண்மையை மறைத்து இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. படகில் ஆஸ்திரேலியா செல்லலாம் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம், 2013 ஜூலை 19-க்குப் பின் விசாவின்றிப் படகில் வருவோரைக் குடியமர்த்துவதில்லை என்று அந்நாடு அறிவித்திருப்பதைச் சொல்லுங்கள்.

இலங்கைக்கே திரும்ப விரும்புகிறவர்கள், இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து அந்நாட்டுக் குடியுரிமைச் சான்று பெற வேண்டும். பிறகு வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். விரும்பித் திரும்புவோருக்கு ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் உதவுகிறது. ஒரே எச்சரிக்கை: 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்த ஒருவர் தாமாக முன்வந்து இலங்கைக் குடியுரிமையைப் பதிவுசெய்தால், ஒன்பதாம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமையை இழக்க நேரும். இரண்டில் எது வேண்டும் என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவுசெய்த பிறகே அந்தப் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

மனுவை எப்போதும் இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, மற்றொன்றில் முத்திரையும் நாளும் பதிவு எண்ணும் வாங்கி, நோட்டில் அந்த ஆளுக்குரிய பக்கத்திலேயே ஒட்டிவிட்டு, அதன் பிறகு வண்ணாரப்பேட்டைக்கு பஸ் ஏறுங்கள்.